பிளஸ் டூ முடித்துவிட்டோம்: ஐந்து பெண்கள், மூன்று நாள், ஆளுக்கு 3000 ரூபாய். எங்கே போகலாம்?

1. ராஜை பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறேன். கடைசிப் பரீட்சை முடிந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே படித்த ஐந்து பேர் நாங்கள். ஒருத்தி நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போகிறாள். இன்னொருத்தி சென்னையில் சித்தி வீட்டில் தங்கி பி.காம். சேரப் போகிறாள். எனக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்த ஊர் கிடைக்கிறதோ அந்த ஊர். ஜூலைக்கு அப்புறம் ஐந்து பேரும் ஒரே ஊரில் இருக்கிற நாள் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஏப்ரலிலேயே எங்கேயாவது சேர்ந்து போய்வர ஆசை.

நிலவரம் இதுதான். ஒருத்திக்கு மட்டும் 18 ஆகிவிட்டது, மற்ற நான்கு பேருக்கும் 17. ஆளுக்கு 3000 ரூபாய் புரட்ட முடியும். இரண்டு இரவு வெளியில் தங்கலாம் என்று நினைக்கிறோம். யாரும் நீட் எழுதவில்லை. அப்பா "பார்க்கலாம்" என்கிறார். அம்மா பேச்சையே எடுக்க விடுவதில்லை. மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். எங்கள் வகுப்புப் பையன்கள் பரீட்சை முடிந்த வாரமே கொடைக்கானல் போய்வந்துவிட்டார்கள், அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊர் பெயர் மட்டும் இல்லாமல், எங்கே தங்குவது, வீட்டில் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. கோவை வாசி

வாழ்த்துகள் தங்கச்சி. கண்ணை மூடிக்கொண்டு ஊட்டி போங்கள். அதுவும் மலை ரயிலில். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும். மொத்தம் 46 கிலோமீட்டர், ஆனால் ஊட்டி போய்ச் சேர மதியம் ஆகிவிடும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு குன்னூர் வரை ஏறும். 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை அது. மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, அதுதான் இ-பாஸ், அதை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

3. குன்னூர்க்காரன்

ஒரு சின்னத் திருத்தம். இ-பாஸ் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்களுக்குத்தான். 2024 மே 7லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. கொடைக்கானலுக்கும் இதேதான். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் தேவையில்லை.

ஆனால் இந்தப் பெண்களுக்கு இப்போது ஊட்டி வேண்டாம் என்பேன். நான் இந்த ஊர்க்காரன், ஊரைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. இருந்தாலும் ஏப்ரல், மே மாதங்களில் ரூம் வாடகை தாறுமாறாக ஏறிவிடும். மலை ரயிலுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, சீசன் டிக்கெட் திறந்த உடனே தீர்ந்துவிடும். 3000 ரூபாயில் பாதி ரூமுக்கே போய்விட்டால் மீதி நேரமெல்லாம் ஒவ்வொரு டீக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கல்லூரி சேர்ந்தபின் செப்டம்பரில் வாருங்கள் அம்மா, ஊர் பச்சைப்பசேல் என்று இருக்கும், கூட்டமும் இருக்காது.

4. சென்னை ஐ.டி. அண்ணன்

கொஞ்சம் பெரிதாக யோசிக்கலாமே. யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் மே மாதத்தில் இமாச்சலில் மலையேற்ற முகாம்கள் நடத்துகிறது. கசோலிலிருந்து கிளம்பும் சார் பாஸ் பாதை ரொம்பப் பிரபலம். சாப்பாடு, கூடாரம், வழிகாட்டி எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். நாடு முழுக்க இருந்து உங்கள் வயதுப் பிள்ளைகள் வருவார்கள். மருத்துவச் சான்று வேண்டும், 18க்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

5. ராஜை பொண்ணு

அண்ணா, கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் டெல்லி வரை ரயிலில் போய்வருவதற்கே எங்கள் பணம் சரியாகப் போய்விடும். அதோடு மே முதல் பாதியில் ரிசல்ட் வந்துவிடும், விண்ணப்பம், முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கு அலைய வேண்டியிருக்கும். மூன்று நாளைத் தாண்ட முடியாது.

6. இரண்டு பெண்களின் அம்மா

மகளே, உன் அம்மா இடத்திலிருந்து எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

உன் அம்மாவுக்கு உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு நீ எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தக் கதவுக்குள் இருப்பாய் என்று அவருக்குத் தெரியாது. பயம் அங்கேதான் இருக்கிறது. "ஃப்ரெண்ட்ஸோடு டூர் போறேன்" என்று சொன்னால் அவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு தாளில் எழுதிக் கொடு. எந்த ரயில், எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், தங்கும் இடத்தின் தொலைபேசி எண், அந்த ஊரில் அவசரத்துக்குப் போய் நிற்க ஒரு வீடு. ஐந்து வீட்டு அம்மாக்களையும் ஒரே நாள் ஒரே இடத்தில் உட்கார வைத்து அந்தத் தாளைப் படி. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் "மற்ற வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டே நாள் ஓடிவிடும்.

என் மூத்தவள் கல்லூரி சேருமுன் தோழிகளோடு தஞ்சாவூர் போனாள். நான் சம்மதித்ததற்குக் காரணம் அவள் கையில் இருந்த அந்தத் தாள்தான். அவள் அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மணி பார்த்துப் பார்த்து, "இப்ப கும்பகோணம் தாண்டியிருப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையன்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது அநியாயம்தான், அதை அநியாயம் என்றே சொல்கிறேன். உங்களைப் போக விடாமல் வைப்பதால் அது சரியாகிவிடாது. நீங்கள் போய்வர வேண்டும்.

7. லாட்ஜ் ரிசப்ஷன்

நாகர்கோவில் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். யாரும் இன்னும் தொடாத விஷயத்தைச் சொல்கிறேன், வயது.

பெரும்பாலான லாட்ஜ்களில் 18 நிறையாதவர்களுக்குத் தனியாக ரூம் கொடுக்க மாட்டார்கள். ஆன்லைனில் பணம் கட்டி முன்பதிவு செய்துவிட்டாலும், கவுன்டரில் ஆதாரைப் பார்த்ததும் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். அப்போது மணி இரவு ஒன்பது இருக்கும். போன கோடையில் எங்கள் தெருவிலேயே நான்கு பையன்கள் அப்படிப் பையோடு வாசலில் நின்றார்கள். உங்களில் ஒருத்திக்கு 18 ஆகிவிட்டது என்றாலும், நேற்றுத்தான் 18 ஆன பெண்ணைப் பொறுப்பாளராக ஏற்றுக்கொள்ளப் பல மேனேஜர்கள் தயங்குவார்கள்.

வழி இருக்கிறது. யாருடைய அக்காவாவது, அண்ணியாவது, கல்லூரியில் இரண்டாம் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒருத்தர் கூட வரட்டும். ரூம் அவர் பெயரில் பதிவாகட்டும். ஐந்து பேரின் ஆதார் நகல், ஐந்து வீட்டிலிருந்தும் கையெழுத்திட்ட கடிதம் எடுத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கட்டுமுன் தொலைபேசியில் "நான்கு பேருக்கு 17 வயது, அக்கா ஒருத்தர் கூட வருகிறார், தருவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சரி என்றால் பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் ஆப்பை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

8. ராஜை பொண்ணு

அண்ணா, இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆப்பில் ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தோம்.

என் பெரியம்மா மகள் திருநெல்வேலியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், 20 வயது. கேட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் செலவை நாங்கள் ஐந்து பேரும் பிரித்துக்கொள்வோம். அம்மாவிடம் அக்கா வருகிறாள் என்று சொன்னதும் முதல்முறையாக "எந்த ஊரு?" என்று கேட்டார்கள்!

ஊர்தான் இன்னும் முடிவாகவில்லை. குற்றாலம் போகலாமா? பக்கம்தான்.

9. அரசுப் பள்ளி வாத்தியார்

ஏப்ரலில் குற்றாலம் போய்ப் பாறையைத்தான் பார்க்க வேண்டும் மா. தென்மேற்குப் பருவக்காற்று வந்து ஜூனில்தான் சீசன் தொடங்கும். கோடை மழையில் திடீரென்று தண்ணீர் வந்தால் அதைவிட ஆபத்து. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் போய்விட்டார். அருவிக்கரையில் வெயிலாகவே இருக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தால் அந்த நொடியே மேலே ஏறிவிட வேண்டும், செருப்பைத் தேடக்கூடாது.

இதைப் படிக்கிற பையன்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லாக் கோடையிலும் நாங்கள் பயப்படுவது இதற்குத்தான். பரீட்சை முடிந்த மகிழ்ச்சியில் அணை, குவாரிக் குட்டை, ஆற்று மடு என்று இறங்கிவிடுகிறார்கள். நீச்சல் தெரிந்தவனும் குவாரிக் குட்டையில் தப்புவது கஷ்டம், ஏனென்றால் கரை செங்குத்தாக இருக்கும், பிடித்து ஏற இடம் இருக்காது. எங்கே வேண்டுமானாலும் போங்கள். தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள்.

10. ரயில் பைத்தியம்

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு ஊட்டி ரயிலைப் பற்றி ஏன் பேச வேண்டும்? உங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாகவே தென்னிந்தியாவின் அழகான மலைப்பாதை ஒன்றுக்கு ரயில் போகிறது.

செங்கோட்டை – புனலூர் பாதையைச் சொல்கிறேன். 1904ல் மீட்டர் கேஜாகத் திறந்தது. அகலப்பாதையாக மாற்ற 2010ல் நிறுத்தினார்கள், மறுபடி முழுப் பாதையிலும் ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. சென்னை எழும்பூர் – கொல்லம் எக்ஸ்பிரஸ் அதிகாலையில் ராஜபாளையம் வரும். செங்கோட்டையில் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கோப்பார்கள், அது தள்ள, முன்னால் உள்ளது இழுக்க, வண்டி மெதுவாக ஏறும். பகவதிபுரம் தாண்டியதும் ஒரு நீண்ட குகை. உள்ளே போகும்போது தமிழ்நாடு, வெளியே வரும்போது ஆரியங்காவு, கேரளா. இந்தப் பக்கம் வெயிலில் காய்ந்த கரடு, அந்தப் பக்கம் ரப்பரும் பலாவும் ஈரக் காற்றும். சில நிமிடத்தில் மாறிவிடும், அதைப் பார்க்க விழித்திருக்க வேண்டும்.

அதற்கு அப்புறம் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் வரும். கருங்கல்லில் கட்டிய உயரமான வளைவுகள், கீழே ஓடை, பக்கத்திலேயே நெடுஞ்சாலை. வண்டி பாலத்தின் மேல் ஊர்ந்து போகும்போது கீழே சாலையில் நிற்கிறவர்கள் கையசைப்பார்கள். தென்மலை, இடமண் எல்லாம் தாண்டிப் புனலூர், அங்கிருந்து சமவெளி. காலைச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் கொல்லத்தில் இறங்கிவிடலாம்.

அதிகாலை ஏற விருப்பமில்லை என்றால் மதுரை – குருவாயூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, பகலில் மலையைக் கடக்கும். ஆனால் அதில் போனால் கொல்லம் சேரவே மாலையாகிவிடும், புது ஊரில் இருட்டில் இறங்க வேண்டாம். அதிகாலை வண்டிதான் நல்லது. அப்பா ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடட்டும், கொல்லத்தில் வெளிச்சத்தில் இறங்குவீர்கள்.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. முன்பதிவு செய்யும்போது கோட்டா என்ற இடத்தில் "லேடீஸ்" என்று தேர்ந்தெடுக்கலாம். தொலைதூர எக்ஸ்பிரஸ்களின் ஸ்லீப்பரில் பெண்கள் மட்டும் போகும் குழுவுக்கு ஆறு படுக்கைகள் ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் அக்காவோடு சேர்த்துச் சரியாக ஆறு பேர். அது கிடைத்தால் ஆறு பேரும் ஒரே இடத்தில் உட்காரலாம்.

11. மலையேறி

நல்ல யோசனை. என் பங்குக்கு ஒன்று. மலை நடை பிடிக்கும் என்றால் வனத்துறையின் "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தைப் பாருங்கள். 2024 அக்டோபரில் தொடங்கினார்கள், 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு, கூடவே பழங்குடி வழிகாட்டிகள் வருவார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம் என்று மூடிவிடுவார்கள், அதனால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே திட்டம் போடுங்கள்.

தயவுசெய்து யாரோ இன்ஸ்டாகிராமில் போட்ட பாதையில் அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். காய்ந்த புல்லில் தீ காற்றோடு மேட்டுப் பக்கம் ஓடும், மனிதனால் அந்த வேகத்துக்கு ஏற முடியாது.

12. திருப்பூர் தம்பி

நடுவில் ஒரு கேள்வி. நானும் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன், ஊர் புதுக்கோட்டை மாவட்டம். அடுத்த வாரம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறேன், கல்லூரி ஃபீஸுக்காக. கிளம்புவதற்கு முன் கூட்டாளிகள் மூன்று பேரோடு ஒரே ஒரு நாள் எங்கேயாவது போக வேண்டும். ஆளுக்கு 300 ரூபாய்க்கு மேல் முடியாது. இங்கே எல்லோரும் ரயில், ரூம் என்று பேசுவதால் கேட்கத் தயக்கமாக இருந்தது.

13. அரசுப் பள்ளி வாத்தியார்

தம்பி, தயங்கவே வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே இருப்பதைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் வருகிறான்.

விடியற்காலையில் கிளம்பி முதல் பேருந்தில் சித்தன்னவாசல் போய்விடுங்கள். புதுக்கோட்டையிலிருந்து அரை மணி நேரத்துச் சொச்சம். வெயில் ஏறுவதற்குள் குன்றின் மேல் ஏழடிப்பட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். பாறையில் செதுக்கிய படிகளில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, விளிம்பை ஒட்டி நடந்து போனால் இயற்கையான குகைத்தளம். உள்ளே சமணத் துறவிகளின் கல் படுக்கைகள், தலைமாடு மட்டும் கொஞ்சம் உயர்த்தித் தலையணையாகச் செதுக்கியிருப்பார்கள். கை வைத்துப் பார், இரண்டாயிரம் வருடமாக வழவழப்புக் குறையவில்லை. பக்கத்தில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு. அந்த விளிம்பில் நின்று செல்ஃபி மட்டும் எடுக்காதே.

அப்புறம் கீழே அறிவர் கோயில். அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்கத் தாமரைக் குளம். மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஓவியம். நிறைய அழிந்துவிட்டது, இருப்பதைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்கு இரண்டு நிமிடம் வேண்டும். உள்ளே போனதும் வெளியே வந்துவிடாதீர்கள்.

மதியத்துக்குப் பேருந்தில் திருமயம். சாப்பிட்டுவிட்டு வெயில் தாழும் வரை மலையடிவாரத்துக் குகைக் கோயில்களில், பள்ளிகொண்ட பெருமாள் சன்னதியில் உட்காருங்கள். கோயில் மதியம் நடை சாத்துவார்கள், நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு மணிக்குக் கோட்டை ஏறினால் மேலே பீரங்கியும் நல்ல காற்றும் இருக்கும். பேருந்து, நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 300 ரூபாய் தாராளமாகப் போதும். கம்பெனியில் சேர்ந்தபின் கவுன்சலிங் தேதிகளை மறந்துவிடாதே. சான்றிதழ் நகல்களைக் கையோடு எடுத்துப் போ, மொபைலில் ரீசார்ஜ் தீர விடாதே. வேலையில் ஓவர்டைம் என்று விண்ணப்பத்தை விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

14. திருப்பூர் தம்பி

ரொம்ப நன்றி சார். சித்தன்னவாசலுக்கு ஐந்தாம் வகுப்பில் கூட்டிப் போனார்கள், பூங்காவில் விளையாடியதுதான் நினைவிருக்கிறது. இந்த ஞாயிறு போகிறோம். விண்ணப்பத்தை அக்கா போட்டுவிடுவாள், தேதி எல்லாம் எழுதிக்கொண்டேன்.

15. திருவனந்தபுரம் தமிழ்

ராஜபாளையம் தங்கைகளுக்கு. ரயில் அண்ணன் சொன்ன வழியில் ஒரு வட்டம் அடிக்கலாம், போன வழியே திரும்ப வேண்டியதில்லை. கொல்லம், திருவனந்தபுரம், தக்கலை, நாகர்கோவில், திருநெல்வேலி, அங்கிருந்து சங்கரன்கோவில் வழியாக வீடு. முழுக்க ரயிலும் அரசுப் பேருந்தும்தான். கேரளப் பக்கத்திலும் இந்த வழியில் தமிழ் பேசினால் வேலை நடந்துவிடும்.

முதல் நாள் காலை கொல்லத்தில் இறங்கி மன்றோ துருத்து போங்கள். கொல்லம் – எர்ணாகுளம் பாதையில் அதற்கே ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது, பாசஞ்சர் ரயில் நிற்கும். கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில் சின்னச் சின்னத் தீவுகள். அகலம் குறைந்த ஓடைகளில் கழி ஊன்றித் தள்ளும் வள்ளத்தில் கூட்டிப் போவார்கள், தாழ்வான பாலம் வந்தால் எல்லோரும் தலையைக் குனிய வேண்டும். வீட்டு வாசலிலேயே தண்ணீர், கயிறு திரிக்கும் பெண்கள், இறால் குட்டைகள். கடல் ஓதம் ஏறும்போது வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் வந்து, பலர் ஊரையே விட்டுப் போய்விட்டார்கள். வள்ளம் தள்ளுகிறவரிடம் கேளுங்கள், அவர் வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளத்தைக் காட்டுவார். ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஹவுஸ்போட் எதற்கும் ஆசைப்பட வேண்டாம். பாதிப் பணம் அதிலேயே போகும், அந்தப் பெரிய படகு இந்த ஓடைக்குள் நுழையவும் முடியாது.

மதியத்துக்கு மேல் ரயில் பிடித்தால் சாயங்காலமே திருவனந்தபுரம். இரண்டு இரவும் இங்கேயே ஒரே இடத்தில் தங்குங்கள், தினம் ஒரு ஊரில் ரூம் தேட வேண்டாம். ஒய்.டபிள்யூ.சி.ஏ. (இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கம்) விடுதி நகரின் நடுவில் இருக்கிறது. லாட்ஜ் அண்ணன் சொன்னபடி வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் நாள் ஊரைச் சுற்றலாம். காலையில் பத்மநாபசுவாமி கோயில், பெண்கள் சேலையிலோ, சுடிதார் மேல் வேட்டி சுற்றியோதான் போக வேண்டும், மொபைலை வெளியே கொடுத்துவிட வேண்டும். பகல் வெயிலுக்கு நேப்பியர் மியூசியம் வளாகம். மரங்கள் அடர்ந்த இடம். அங்கேயே விலங்குக் காட்சிசாலை, ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கும் கூடம். நாள்காட்டியில் பார்த்த அந்த முகங்களை அசல் எண்ணெய்ச் சாயத்தில் பார்க்கும்போது, பட்டுச் சேலையின் மடிப்பில் விழும் வெளிச்சத்தை எப்படித் தீட்டினார் என்று நின்றுவிடுவீர்கள். சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. அலை பெரிது, கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

மூன்றாம் நாள் தக்கலை, பத்மநாபபுரம் அரண்மனை. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். இடம் கன்னியாகுமரி மாவட்டம், அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. உள்ளே வெறும் காலில் நடக்க வேண்டும். தரை கறுப்பாக, முகம் தெரியும் அளவு மினுங்கும். சித்திரை வெயிலிலும் மரச்சட்டங்களின் சின்னச் சின்னத் துவாரங்கள் வழியே காற்று வரும், மின்விசிறி தேவைப்படாது.

அரண்மனைக்கும் மியூசியத்துக்கும் விலங்குக் காட்சிசாலைக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மூன்று நாளில் எதுவும் திங்களில் விழாதபடி கிளம்புங்கள்.

16. ராஜை பொண்ணு

அண்ணா, படிக்கப் படிக்க இப்போதே கிளம்பிவிடலாம் போல இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். கன்னியாகுமரி அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, கண்ணாடிப் பாலத்தைப் பார்க்காமல் வருவதா? பி.காம். தோழி அதற்காகவே வருகிறாள்.

17. லாட்ஜ் ரிசப்ஷன்

கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது, விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர். நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கோடை விடுமுறையில் படகு வரிசையிலேயே சில மணி நேரம் போய்விடும். கடல் பொங்கினால் படகையே நிறுத்திவிடுவார்கள். அதற்கும் அரண்மனைக்கும் ஒரே நாளில் ஆசைப்பட்டால் இரண்டையும் ஓடிக்கொண்டேதான் பார்க்க வேண்டியிருக்கும், திருநெல்வேலிக்குப் போய்ச் சேர ராத்திரியாகிவிடும்.

அரண்மனையைக் காலையில் திறந்ததும் பார்த்துவிட்டு, மதியம் நாகர்கோவிலில் சாப்பிட்டு, நேராக வீடு திரும்புங்கள். கன்னியாகுமரிக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியும். அதற்கு ரூம் வேண்டாம், வீட்டில் அனுமதி வாங்குவதும் சுலபம்.

18. கோவை வாசி

நான் இதை ஏற்க மாட்டேன். இந்த வயதில் அரண்மனையா, கடலா என்றால் கடல்தான். நாலு பேர் சேர்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கிற வயது. பழங்காலக் கட்டடத்தை நாற்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

19. இரண்டு பெண்களின் அம்மா

தம்பி, கடல் சங்குமுகத்திலேயே கிடைத்துவிடுகிறது, அதுவும் மேற்குக் கடல், சூரியன் தண்ணீரிலேயே மறையும். கடைசி நாள் இருட்டுவதற்குள் வீடு திரும்புவதுதான் முக்கியம். முதல் பயணத்தில் சொன்ன நேரத்துக்கு வந்து கதவைத் தட்டினால், அடுத்த பயணத்துக்கு அம்மாவே பை எடுத்துக் கொடுப்பார்.

மகளே, மாதவிடாய்த் தேதி பார்த்துக்கொள்ளுங்கள், ஆறு பேருக்கும் சேர்த்து நாப்கின் கூடுதலாக வையுங்கள். பணத்தை ஒருத்தி கையிலேயே வைக்காதீர்கள். ஆளுக்கு 500 ரூபாய் தொடாத பணமாகத் தனியே இருக்கட்டும். ரயிலில் தொந்தரவு என்றால் 139, வேறு எங்கும் 112. ஆறு பேர் மொபைலிலும் சேமித்து வையுங்கள். ராத்திரி ஒரு போன், காலையில் ஒரு போன் வீட்டுக்கு. அதற்கு மேல் அம்மா கூப்பிட்டால் சலித்துக்கொள்ளாமல் எடு.

20. ரயில் பைத்தியம்

செலவுக் கணக்கு. ராஜபாளையம் – கொல்லம் முன்பதிவில்லாப் பெட்டியில் 100 ரூபாய்க்குள், ஸ்லீப்பர் என்றால் கொஞ்சம் கூட. அதிகாலையில் முன்பதிவில்லாப் பெட்டியில் நிற்கவும் இடம் இருக்காது, ஸ்லீப்பரே போடுங்கள். கொல்லம் – திருவனந்தபுரம் பாசஞ்சரில் டீ, வடைக் காசுதான். ராஜபாளையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வரை மொத்தப் போக்குவரத்தும் ஆளுக்கு 700 தாண்டாது. பெரிய செலவு ரூமும் வள்ளமும்தான், இரண்டும் ஆறாகப் பிரியும்.

உங்கள் ஊர் சுற்றுக்கே ஆசை என்றால் இன்னொரு விஷயம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஆறு பேரும் போய், ஆண்டாள் கோயில் பார்த்து, பால்கோவா வாங்கிக்கொண்டு வாருங்கள். யார் மெதுவாக நடப்பாள், யாருக்குப் பேருந்தில் தலை சுற்றும் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

21. ராஜை பொண்ணு

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து அம்மாக்களும் உட்கார்ந்தார்கள், அக்கா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். தாளைப் படித்தேன். கேள்வி மேல் கேள்வி. வள்ளத்தில் லைஃப் ஜாக்கெட் உண்டா, கோயிலில் மொபைலைக் கொடுத்துவிட்டால் எப்படிப் பேசுவீர்கள், சாப்பாட்டில் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டார்கள். நான்கு வீட்டில் சரி என்றார்கள். ஐந்தாவது வீட்டில் அவள் அப்பா வந்ததும் கேட்க வேண்டும் என்றார்கள், இன்று காலை அவரே போன் செய்து, ஸ்டேஷனுக்குத் தானே வேன் எடுத்து வருவதாகச் சொன்னார்.

வியாழன் விடியலில் ஏறி சனி மாலை திரும்புகிறோம். கண்ணாடிப் பாலத்துக்கு மே மாதம் ஒரே நாள் பயணம், அதற்கு என் அம்மாவும் வருகிறாராம். லேடீஸ் கோட்டாவில் ஆறும் கிடைத்துவிட்டது. விடுதியில் மட்டும் இன்னும் பதில் வரவில்லை, மறுபடி அழைக்கச் சொன்னார்கள்.

22. திருவனந்தபுரம் தமிழ்

காலை பதினொரு மணிக்கு மேல் அழைத்துப் பாருங்கள் மா. அதுவரை ரூம் காலி செய்கிறவர்கள் கணக்கு முடிப்பதால் யாரும் நின்று பேச மாட்டார்கள். உங்களுக்குப் பதில் அக்காவே பேசட்டும், தன் கல்லூரி அடையாள அட்டை இருக்கிறது என்பதையும் சொல்லட்டும். இடமில்லை என்றால் அன்றே இங்கே எழுதுங்கள், தம்பானூர் ஸ்டேஷன் பக்கம் குடும்பங்களுக்கு மட்டும் கொடுக்கிற இரண்டு மூன்று இடங்களில் நேரில் கேட்டுச் சொல்கிறேன். கடிதங்களில் அப்பா எண்ணோடு அம்மா எண்ணும் இருக்கட்டும். விடுதியில் பெரும்பாலும் அம்மாவுக்குத்தான் போன் செய்து கேட்பார்கள்.